சகலை வந்துட்டான்

"அம்மா, சகலைன்னா யாரு?"

அம்மா அவித்த முட்டைகளைக் குளிர்ந்த நீரில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்து ஓடு உரித்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க நின்ற கால்கள் வலித்ததால் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தபடியே வேலை நடந்தது. கேள்வி கேட்ட சிட்டு கதவில் சாய்ந்து நின்றாள். வயது பன்னிரண்டு. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு வேறொரு பெயர் உண்டு. அந்தப் பெயர் வீட்டில் திட்டும்போது மட்டும் வெளியே வரும்.

"பொண்டாட்டியோட அக்காவையோ தங்கச்சியையோ கட்டுனவரு. இவருக்கு அவரு சகலை, அவருக்கு இவரு சகலை."

"அப்பாவுக்கு யாரு சகலை?"

"யாருமில்ல. நான்தான் ஒத்தப் பொண்ணாச்சே. உங்கப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல."

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கொடுப்பினையா? என்கூட வேலை செய்யுறவனுக்கு மூணு சகலை. நாலு பேரும் ஒரு இடத்துல கூடுனா மாமனார் வீட்டுல பாத்திரம் மிஞ்சாதாம்."

சிட்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே அடுத்த முட்டையைக் கையில் எடுத்தாள்.

"ஏன் கேக்குற? பள்ளிக்கூடத்துல உறவுமுறை நடத்துறாங்களா?"

"இல்லம்மா. பஞ்சுமிட்டாய் அனுப்புனா. 'சகலை வந்துட்டான், அப்புறம் வரேன்'னு. உடனே அழிச்சிட்டா. நான் அதுக்குள்ள படிச்சிட்டேன்."

பஞ்சுமிட்டாய் என்பது சிட்டுவின் தோழி. வீடு கட்டும் கைபேசி விளையாட்டு ஒன்றில் பள்ளி விடுமுறையின்போது அறிமுகமானவள். பதின்மூன்று வயது, இதே ஊரின் மறுகோடியில் வீடு, நாய்க்குட்டிகள் என்றால் உயிர். இவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து ஒரு மாளிகை கட்டியிருந்தார்கள். அதற்கு நீச்சல் குளம்கூட இருந்தது. "நம்ம வீட்டுல குழாய்ல தண்ணி வரல, அங்க குளமா" என்று அப்பா ஒருமுறை கேலி செய்திருக்கிறார்.

அம்மாவின் விரல்கள் முட்டையின் மேலேயே நின்றன. ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குச் சகலை வருவதாக இருந்தால் அவர் அவளுடைய அப்பாவின் சகலையாக இருக்க வேண்டும். அப்படியானால் அவளுக்கு அவர் சித்தப்பா, இல்லையென்றால் பெரியப்பா. சித்தப்பா வந்துவிட்டார் என்றுதான் எந்தப் பிள்ளையும் எழுதும். அதிலும் 'வந்துட்டான்'. பெரியவர் ஒருவரைப் பதின்மூன்று வயதுப் பெண் அப்படி எழுதுவாளா? சகலை வந்துட்டான் என்று சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். கல்யாணமான ஆண்.

"அவளக் கேட்டியா?"

"கேட்டேனே. அவ அண்ணன் போன எடுத்து டைப் பண்ணிட்டானாம்."

"அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

கேள்வி கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. சிட்டு கதவிலிருந்து முதுகை எடுத்தாள்.

"பத்தாவது படிக்கிறான்மா. ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா கேட்டா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? தெரியாமக் கேட்டுட்டேன், விடு."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, கண்ணால் வாசலைக் காட்டினாள். வீட்டில் ரகசியம் பேச இடம் கிடையாது. அறைச் சுவர்கள் அவ்வளவு மெலிசு. கணவனும் மனைவியும் பேச வேண்டியதையெல்லாம் வெளியே லிஃப்ட் அருகில் நின்றுதான் பேசுவார்கள். அந்த லிஃப்டில் 'பழுது' என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே லிஃப்ட் ஓடவில்லை என்று ஐந்து மாடிக்காரர்களும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவார்கள். அது வேறு நிறுவனத்தின் லிஃப்ட், தொட்டால் தன் வேலை போய்விடும் என்று அவரும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

அம்மா விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. சட்டைக் கையை மட்டும் முழங்கைக்கு மேல் மடித்தார்.

"போன வாங்கிட்டு வரேன்."

"தாழ்ப்பாள் போட்டிருக்கா."

"தாழ்ப்பாளா? ஒரு தள்ளு தள்ளுனா வந்துடும்."

"வந்துடும். அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவன் யாருன்னு பாக்குறேன். இவளாட்டமே எழுதி வரச்சொல்றேன். வரட்டும்."

அம்மா அந்தப் 'பழுது' அட்டையைப் பார்த்தாள்.

"லிஃப்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டா நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"சொல்லுங்க."

"பேசுவேன்" என்றார் அவர் வேண்டாவெறுப்பாக. "நான் வந்துட்டேன், கதவத் தொடாதீங்க, ஓரமா நில்லுங்கன்னு சொல்லுவேன். அவங்க பதில் சொன்னப்புறம்தான் மேல போய் மெயின் சுவிட்ச அணைப்பேன். கதவு அதுக்கப்புறம்தான்."

"முதல்லயே கதவ நெம்புனா?"

"உள்ள இருக்கிறவங்க பயத்துல வெளிய தாவப் பாப்பாங்க. பெட்டி அசைஞ்சா ஆளே போயிடும்." அவர் நிறுத்தினார். "லிஃப்டும் பொண்ணும் ஒண்ணா?"

"கதவு ஒண்ணுதான்."

அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு மறுபடி மடித்தார்.

"எவ்வளவு நேரம் பேசுவ?"

"தெரியல. நீங்க டிவி போடாதீங்க. உள்ள வராதீங்க. நானா கூப்பிடுவேன்."

அம்மா கைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு அறைக் கதவைத் தட்டினாள். கடையில் கண்ணாடிச் சட்டங்களின் திருகாணியை முறுக்க அவள் பயன்படுத்துவது அது. ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன்.

"உன் கண்ணாடிய சரி பண்ணணும். இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. கதவத் தொற."

அது உண்மைதான். சிட்டு குப்புறப் படுத்தே படிப்பவள் என்பதால் அவள் கண்ணாடி எப்போதும் ஒருபக்கமாகத்தான் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். சிட்டு கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் சிட்டுவுக்கு ஒரு கை தூரத்துக்கு அப்பால் எல்லாம் கலங்கல்தான். எதிரில் அம்மாவின் இடத்தில் ஒரு நீல நிறம் இருந்தது, மேலே ஒரு கறுப்பு. முகம் இல்லை. கோபமா, கவலையா என்று படிக்க அதில் ஒன்றும் இல்லை. அம்மா அவசரப்படாமல் திருகாணியைத் திருப்பினாள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். அந்தப் பக்கத்தில் இறுக்க எதுவும் இல்லை. அதையும் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டாள்.

"அம்மா."

"ம்."

"பத்தாவது படிக்கிறவனுக்குச் சகலை இருக்க முடியாதுல்ல?"

"முடியாது."

"அவங்கப்பா டைப் பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம்."

"அப்ப ஏன் அண்ணன்னு சொல்லணும்?"

சிட்டு கட்டில் விரிப்பின் நூல் ஒன்றை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவ மைக் கெட்டுப் போச்சுன்னு சொன்னா. விடுமுறைல கெட்டது, இன்னும் சரி பண்ணல. நான் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டா. எழுதத்தான் செய்வா." நூல் அறுந்தது. "அது பொண்ணே இல்லையாம்மா?"

"எனக்கும் உறுதியாத் தெரியல. ஆனா இருக்காதுன்னுதான் தோணுது."

சிட்டு கைபேசியைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

"போன புடுங்கிடுவியா?"

"மாட்டேன்."

"அப்பா?"

"அப்பாவும் மாட்டாரு."

அப்பாவைக் கேட்காமலே கொடுத்த வாக்கு அது. மெலிசான சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவ அப்படித்தான் சொன்னா. வீட்டுல சொன்னா முதல் வேலையா போன புடுங்கிடுவாங்க, அப்புறம் நம்ம மாளிகை அவ்வளவுதான்னு. போட்டோ கேட்டா. பள்ளிக்கூட வாசல்ல நின்னு எடுத்தத அனுப்பினேன். யூனிஃபார்ம் போட்டது. பேர்ப்பலகையும் அதுல தெரியும். அப்புறம் வேற ஒண்ணு கேட்டா. வேற மாதிரி. நான் அனுப்பலம்மா. சத்தியமா அனுப்பல. கோவிச்சுக்கிட்டு பேசவே இல்ல. அப்புறம் தானா வந்து, சனிக்கிழமை கடைவீதிக்கு வா, நேர்ல பாத்தா கோவம் போயிடும்னு சொன்னான்."

'சொன்னா' என்று வந்துகொண்டிருந்த பேச்சு 'சொன்னான்' என்று முடிந்தது. அவள் காதிலேயே அது விழுந்திருக்க வேண்டும். பேச்சு அத்தோடு நின்றது.

அம்மா கண்ணாடியைத் தன் புடவைத் தலைப்பில் துடைத்தாள். கடையில் அப்படித் துடைக்கும் வாடிக்கையாளர்களை அவள் கண்டிப்பது வழக்கம்.

"சனிக்கிழமை போறதா இருந்தியா?"

"தெரியல. பாதி போகணும்னு இருந்தது. பாதி வேணாம்னு இருந்தது. நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"ஏமாத்துனது அவன். நீ புரியாத வார்த்தைய வந்து கேட்ட. கேட்டதாலதான் எனக்குத் தெரிஞ்சுது."

கண்ணாடியை மகளின் காதில் மாட்டிவிட்டாள். இப்போது சிட்டுவுக்கு அம்மாவின் முகம் தெரிந்தது. அதில் அவள் நினைத்த அளவுக்குக் கோபம் இல்லை. மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

அப்போது கைபேசி ஒலித்தது. அம்மா கணவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து வாசலிலேயே நின்றார். சிட்டு அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு கைபேசியைத் தானாகவே அவரிடம் நீட்டினாள்.

திரையில் பஞ்சுமிட்டாய் எழுதியிருந்தது: 'என்னடி கோவமா? சனிக்கிழமை வருவதானே? யார்கிட்டயும் சொல்லாத, சரியா.'

அப்பா அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். அவருடைய கட்டை விரல் திரையில் இறங்கி 'டேய்' என்று எழுதியது. இரண்டே எழுத்து. மூன்றாவதாக வரவேண்டியதற்கு அவருக்குச் சொற்கள் நிறைய இருந்தன.

"அப்பா, அனுப்பாதீங்க" என்றாள் சிட்டு. "நமக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவான். சகலைய அழிச்ச மாதிரி."

விரல் திரைக்கு மேலே நின்றது. பிறகு அந்த இரண்டு எழுத்தையும் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்தது. அவர் கைபேசியைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்து லென்ஸைச் சட்டையில் துடைத்தார். அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

"நீ திரையத் தள்ளிக்கிட்டே வா. நான் படம் எடுக்குறேன். முதல்ல இருந்து."

"நிறைய இருக்குப்பா."

"இருக்கட்டும்."

சாப்பிடும்போது சோறு ஆறிப்போயிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு காவல் நிலையத்துக்குப் போனார்கள். இணையக் குற்றங்களைப் பார்க்கும் பிரிவு மாடியில், ஒரு நீளமான அறையின் கோடியில் இருந்தது. ஒரு மேசை, இரண்டு கணினிகள், தண்ணீர் ஊற்றியும் வாடிக்கொண்டிருந்த ஒரு தொட்டிச் செடி. அங்கிருந்த பெண் அதிகாரிக்கு நடுத்தர வயது. கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவி நழுவி வந்தது. அதை நிமிர்த்திவிட வேண்டும் என்று அம்மாவின் கை பரபரத்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அம்மா சொன்னாள். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"சகலையா?"

"ஆமா மேடம்."

"இத்தனை வருஷத்துல ஒருத்தன் வயசச் சொல்லி மாட்டியிருக்கான், படத்தப் போட்டு மாட்டியிருக்கான். சகலையால மாட்டுனவன் இவன்தான் முதல் ஆளு." அவர் சிரித்தார். உடனே முகம் பழையபடி ஆயிற்று. "பதில் எதுவும் அனுப்பலையே?"

"இல்ல" என்றார் அப்பா. அந்த இரண்டு எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நல்லது. பாதிப் பேரு அவனத் திட்டித் தீத்துட்டுத்தான் இங்க வராங்க. அதுக்குள்ள அவன் கடையக் கட்டிட்டு வேற பேர்ல வேற பிள்ளைகிட்டப் போயிடுறான். மீதிப் பேரு பிள்ளைய அடிச்சிட்டு வராங்க. அது அப்புறம் நம்மகிட்ட வாயே தொறக்காது." அவர் கையை நீட்டினார். "போன் குடுங்க. கொஞ்ச நாள் எங்ககிட்ட இருக்கணும்."

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். கைபேசி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இருந்தது.

"மேடம், நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கேன்" என்றாள் அம்மா. "சொன்னா போன புடுங்க மாட்டோம்னு. அத நம்பித்தான் சொன்னா."

"இது புடுங்குறது இல்லைங்க. சாட்சியம்."

"எனக்குப் புரியுது. அவளுக்கும் புரியணும்ல. போன் அவளோடது. நீங்க அவளக் கேளுங்க."

"என்ன நீ, மேடம்கிட்டயே..." என்று அப்பா தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். அதிகாரி கையமர்த்தினார். நாற்காலியைத் திருப்பிச் சிட்டுவுக்கு நேராக உட்கார்ந்தார்.

"சரி. உன்கிட்டயே கேக்குறேன். அவன் உனக்கு எழுதுனதெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. படம் எடுத்தது போதாது, கோர்ட்டுல அவன் இல்லைன்னு சொல்லிடுவான். நாளைக்கு அவன் அங்க வரான்னா, நாங்க அவனுக்கு இதுல இருந்துதான் பதில் எழுதணும். நீ குடுத்தா எழுதுவோம். என்ன சொல்ற?"

"எப்ப திருப்பித் தருவீங்க?"

"வேலை முடிஞ்சதும் நானே கூப்பிட்டுத் தரேன்."

"நாங்க கட்டுன வீட்ட அழிக்க மாட்டீங்கல்ல?"

"நாங்க ஒண்ணையும் அழிக்க மாட்டோம்."

சிட்டு யோசித்தாள். பிறகு கைபேசியை மேசை மேல் வைத்து, அதைத் திறக்கும் எண்ணைச் சொன்னாள். கடைசியில் தானாகவே சேர்த்துச் சொன்னாள்: "அவன் 'என்னடி'ன்னு எழுதுவான். நான் 'போடி'ன்னு எழுதுவேன். 'டி' போடலைன்னா சந்தேகம் வந்துடும்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை மூவரும் வீட்டிலேயே இருந்தார்கள். கடைவீதிப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது என்று அதிகாரி சொல்லியிருந்தார். அப்பா கூடத்தில் நடந்தார். குழாயின் வாஷரை மாற்றினார். மாற்றியதைக் கழற்றி மறுபடி மாட்டினார். அம்மா அலமாரியை அடுக்கினாள். சிட்டு ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கம் திரும்பவில்லை. மாலையில் அம்மாவின் கைபேசி ஒலித்தது. அதிகாரி இரண்டே சொல் சொன்னார்: "ஆள் வந்தான்."

அம்மா அதை அப்படியே மற்ற இருவருக்கும் சொன்னாள். அப்பா தரையில் உட்கார்ந்து கால் நீட்டினார்.

"எப்படி இருந்தான்?" என்று கேட்டாள் சிட்டு.

"கேக்கல."

"நல்லது" என்றாள். புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள்.

மிச்சமெல்லாம் கைபேசியைத் திரும்ப வாங்கப் போனபோதுதான் தெரிந்தது. சிட்டுவைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு அதிகாரி பேசினார். அவனுக்கு வீடு இருந்தது, வேலை இருந்தது, அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் இருந்தது. அவன் கைபேசியில் சிட்டுவைப் போல இன்னும் சில பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய பெற்றோர்களை இப்போதுதான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பிடிச்சதும், யாருக்காவது சொல்லணுமான்னு அவன்கிட்டக் கேட்டோம். பொண்டாட்டியக் கூப்பிடல. சகலையத்தான் கூப்பிட்டான். பாவம், அவரு ஏதோ வண்டில அடிபட்டுட்டான்னு நெனச்சு, சாப்பாடெல்லாம் வாங்கிக்கிட்டு ஓடி வந்தாரு. விஷயத்தச் சொன்னோம். பொட்டலத்த இந்த மேசைல வச்சாரு, ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாரு. அவருக்கும் இதே வயசுல பொண்ணு இருக்காம்."

மேசையின் அந்த இடத்தில் இப்போது ஒரு கோப்பு இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் சிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பெற்றோர் பின்னால். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒரு சகலை இருந்திருந்தா அவளுக்கு அந்த வார்த்தை தெரிஞ்சிருக்கும். அப்பவே கண்டுபிடிச்சிருப்பா."

"தெரிஞ்ச வார்த்தைன்னா யாரு யோசிக்கிறா? 'அண்ணன் டைப் பண்ணிட்டான்'னு அவன் சொன்னதும் சரின்னு விட்டிருப்பா. தெரியாததாலதான் எங்கிட்ட வந்தா."

"அப்ப உங்கப்பா உன்னோட நிறுத்துனது நல்லதுங்குற."

"அதை அவருகிட்டயே போய்ச் சொல்லுங்க. ரொம்ப சந்தோஷப்படுவாரு."

கட்டடத்தில் லிஃப்ட் ஓட ஆரம்பித்திருந்தது. யாரோ சரிசெய்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா அது ஏறும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "அடுத்த வாரம் மறுபடி நிக்கும் பாரு" என்றார் ஒருவிதத் திருப்தியோடு.

சிட்டு அந்த விளையாட்டை அதன்பிறகு திறந்தாள், மாளிகையைச் சுற்றிப் பார்த்தாள், நீச்சல் குளத்தைத் தானே இடித்தாள். இடித்த இடத்தில் எதுவும் கட்டவில்லை. பள்ளி, வீட்டுப்பாடம், அம்மாவின் கடை, அப்பாவின் ஓயாத அழைப்புகள் என்று நாட்கள் பழையபடி ஓடின. கைபேசி அவளிடமே இருந்தது. ராத்திரியில் கூடத்து அலமாரியில் அதை வைத்துவிட்டுப் படுப்பது என்று பேசிக்கொண்டார்கள். அப்பாவும் அம்மாவும் தங்களுடையதையும் அங்கேயே வைத்தார்கள். அது சிட்டு போட்ட நிபந்தனை.

ஒரு மாலை அம்மா கடையிலிருந்து வந்து முக்காலியில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். சிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

"அம்மா, இது லூசா இருக்கு."

அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நேராக இருந்தது. திருகாணிகள் இறுகியிருந்தன, போன வாரம்தான் அவளே முறுக்கியிருந்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

"ஆமா, லூசாதான் இருக்கு" என்றாள். "உக்காரு. கொஞ்ச நேரம் ஆகும்."